ஐந்நூற்றொன்றாவது துளி

பியூரெட் என்ற அளவுக் குழாயின் முனையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே கூம்புக் குடுவையில் தண்ணீர் போலத் தெளிந்த கரைசல். துளி விழுந்த இடத்தில் சட்டென்று இளஞ்சிவப்பு பூக்கிறது. குடுவையை ஒரு சுழற்றுச் சுழற்றினால் அந்த நிறம் போன இடம் தெரியவில்லை. அடுத்த துளி. மறுபடி பூக்கிறது, மறைகிறது. இப்படியே போய், ஏதோ ஒரு துளிக்குப் பிறகு எவ்வளவு சுழற்றினாலும் நிறம் போக மறுக்கிறது. அடியில் வெள்ளைத் தாள் வைத்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லிய இளஞ்சிவப்பு.

பதினொன்றாம் வகுப்பில் இதை முதன்முதலாகச் செய்தபோது எனக்கு அந்த மெல்லிய நிறம் கிடைக்கவில்லை. திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன். கண் இமைப்பதற்குள் குடுவை அடர்ந்த ரோஜா நிறமாகிவிட்டது. ஆசிரியர் வந்து பார்த்தார். "கடைசியில துளித்துளியா விடணும்னு சொன்னேனா இல்லையா? கொட்டிட்டு மறுபடி பண்ணு."

"சார், இவ்வளவு நேரம் விட்டதுக்கு ஒண்ணுமே ஆகல. ஒரே துளியில எப்படி சார் மாறுது?"

"முடிவுநிலை வந்துடுச்சு, மாறிடுச்சு. அளவைக் குறிச்சுக்கோ." அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பெயர் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. இப்போது நானே வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அமிலம், காரம் பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். காரணம், அதற்கான விடையைத் தேடிப் போனால் அந்தப் பாடத்தில் இருக்கும் கிட்டத்தட்ட எல்லாமே வழியில் தட்டுப்படுகிறது.

வழக்கமாக அந்தப் பாடம் ஓர் அட்டவணையில் தொடங்கும். அமிலம் புளிக்கும், நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். காரம் கசக்கும், தொட்டால் வழவழக்கும், சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். எதுவும் பொய்யில்லை. ஆனால் 'ஏன்' என்ற சொல் அந்த அட்டவணையில் எங்கும் கிடையாது. போதாக்குறைக்குத் தமிழில் 'காரம்' என்ற சொல்லே ஒரு தடங்கல். நாக்கில் சுரீரென்று உறைக்கும் சுவைக்கும் அதே பெயர், சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் அதே பெயர். வேதியியல் காரம் உறைக்காது, கசக்கும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பிள்ளைகள் மனதில் அந்தக் குழப்பம் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது.

வழவழப்பை மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற எரிகாரம் விரலில் பட்டால் வழுக்குவது அந்தத் திரவத்தின் குணம் அன்று. தோலில் இருக்கும் கொழுப்பை அது அங்கேயே சோப்பாக மாற்றுகிறது. வழுக்குவது நம் தோலிலிருந்து உண்டான சோப்பு. இதைக் கேட்ட பிள்ளைகள் யாரும் அதன்பின் கையுறை போட மறந்ததில்லை.

இனி அந்தத் துளிக்கு வருவோம்.

குடுவையில் 25 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், லிட்டருக்கு 0.1 மோல் செறிவு (மோல் என்பது துகள்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அலகு). பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. நிறங்காட்டியாக ஓரிரு துளி பினாப்தலீன். பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. அப்படியானால் 25 மி.லி. என்பது 500 துளி. கணக்குப் போட வசதியான எண்.

பிஹெச் என்பது அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற ஹைட்ரஜன் துகள்கள், எவ்வளவு செறிவாக இருக்கின்றன என்று காட்டும் எண். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். தொடக்கத்தில் குடுவையின் பிஹெச் மதிப்பு 1. வரிசையாக 450 துளிகளை விடுகிறோம். அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு தீர்ந்துவிட்டது. பிஹெச் எவ்வளவு? வகுப்பில் கேட்டால் 6 என்பார்கள், 6.5 என்பார்கள். கணக்குப் போட்டால் வருவது 2.3தான். இத்தனை துளிகளுக்கு ஒன்றேகால் படிதான் நகர்ந்திருக்கிறது. 499ஆவது துளியில் 4. 500ஆவது துளியில் 7. 501ஆவது துளியில் 10.

இந்தக் கடைசி மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் சற்று நேரம் பேசாமல் நிற்பது வழக்கம். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். யாராவது ஒருவர் கணக்கு தப்பு என்பார். தப்பில்லை. 499ஆவது துளி விழுந்த பிறகு குடுவையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு துளி அளவுக்கான அமிலம், அது 50 மி.லி. நீரில் பரவிக் கிடக்கிறது. 501ஆவது துளிக்குப் பிறகு அதே அளவு காரம் மிஞ்சுகிறது. இடையில் நடந்தது இரண்டே துளி. ஆனால் அந்த இரண்டு துளிக்குள் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து லட்சம் மடங்கு குறைந்துவிட்டது. பினாப்தலீன் நிறம் காட்டத் தொடங்குவது ஏறக்குறைய பிஹெச் 8.2இல். அந்த எல்லையைக் கரைசல் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. ஐந்நூறு துளிகளும் ஒன்றுபோலத்தான் வேலை செய்தன. நாம் பார்க்கும் அளவுகோல்தான் கடைசி இரண்டு துளியை அப்படிப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அந்த அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை, அதாவது உயிர்களுக்குள் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருள்களை, ஆராய்ந்துகொண்டிருந்தார். நொதி வேகமாக வேலை செய்வதும் படுத்துக்கொள்வதும் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்தது. அந்தச் செறிவோ லிட்டருக்கு 0.0001 மோல், 0.0000001 மோல் என்று சுழியங்களாக நீளும். சுழியங்களை எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதில் பத்தின் அடுக்கை மட்டும் எடுத்து எழுதினார். 0.0001 என்பது 4 ஆயிற்று, 0.0000001 என்பது 7 ஆயிற்று. நம் மடக்கைப் பாடத்தில் வரும் அதே மடக்கைதான். கணக்கு வகுப்பில் 'இது எதுக்கு சார்?' என்று கேட்ட பிள்ளைக்கு வேதியியல் வகுப்பில் கிடைக்கும் விடை இது.

ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. இதை உள்ளத்தில் வாங்கிக்கொள்ளாமல் பிஹெச் எண்களைப் படிப்பதில் பயனில்லை. தொழிற்புரட்சிக்கு முன்பு கடல் மேற்பரப்பின் சராசரி பிஹெச் சுமார் 8.2 ஆக இருந்தது, இப்போது சுமார் 8.1. வெறும் 0.1 தானே என்று தோன்றும். மடக்கையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கின்றன. ஓடு கட்டி வாழும் சிறு உயிர்களுக்கு அது சின்ன மாற்றமில்லை.

சரி, 7இல் என்ன விசேஷம்? ஏன் 5 நடுநிலை இல்லை, ஏன் 8 இல்லை? இதற்கு அமிலத்தையும் காரத்தையும் விட்டுவிட்டு வெறும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தூய நீர் முழுக்க நீர் மூலக்கூறுகளால் மட்டும் ஆனதில்லை. எந்த நொடியிலும் அங்கங்கே ஒரு மூலக்கூறு தன் ஹைட்ரஜன் ஒன்றை எலக்ட்ரான் இல்லாத வெறும் புரோட்டானாகப் பக்கத்து மூலக்கூறிடம் தள்ளிவிடுகிறது. கொடுத்தது ஹைட்ராக்சைடு அயனி, வாங்கியது ஹைட்ரோனியம் அயனி. பாடநூலில் சுருக்கமாக ஹைட்ரஜன் அயனி என்று எழுதுவது இந்த ஹைட்ரோனியத்தைத்தான். அடுத்த கணமே அவை கைகோத்து மறுபடி நீராகிவிடும், வேறெங்கோ இன்னொரு ஜோடி பிரியும். 25 டிகிரி செல்சியஸில் எண்ணிப் பார்த்தால் சுமார் 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்று இப்படிப் பிரிந்த நிலையில் இருக்கும். அந்தச் செறிவுதான் லிட்டருக்கு 0.0000001 மோல். அதுதான் 7. சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிரியும். 60 டிகிரியில் தூய நீரின் பிஹெச் சுமார் 6.5. அது அமிலமாகிவிடவில்லை. இரண்டு அயனிகளும் சரிசமமாகவே கூடியிருப்பதால் அப்போதும் நடுநிலைதான். 'பிஹெச் 7 என்றால் நடுநிலை' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது உறுத்தும். உறுத்தட்டும்.

நீரைப் புரிந்துகொண்டால் நடுநிலையாக்கல் வினை ரொம்ப எளிது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து சோடியம் குளோரைடும் நீரும் தருகின்றன என்று சமன்பாட்டை எழுதுகிறோம். பரீட்சைக்கு அது சரி. குடுவைக்குள் நடப்பதைப் பார்த்தால் பாதிப் பாத்திரங்கள் சும்மா நிற்கின்றன. சோடியம் அயனி வரும்போதும் சோடியம் அயனி, வினை முடிந்த பிறகும் சோடியம் அயனி. குளோரைடும் அப்படியே. பார்வையாளர் அயனிகள் என்று அவற்றுக்குப் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் நடப்பது ஒன்றுதான்: புரோட்டான் ஹைட்ராக்சைடிடம் போய்ச் சேர்கிறது, நீர் உண்டாகிறது.

இதற்கு நேரடிச் சான்று வேண்டுமா? வெப்பத்தை அளந்து பாருங்கள். லிட்டருக்கு ஒரு மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி., இரண்டையும் வெப்பம் வெளியேறாத குவளையில் கலந்தால் வெப்பநிலை ஆறேழு டிகிரி ஏறும். அமிலத்தை மாற்றி நைட்ரிக் அமிலம் எடுங்கள். காரத்தை மாற்றிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எடுங்கள். ஏற்றம் கிட்டத்தட்ட அதேதான். உண்டாகும் ஒவ்வொரு மோல் நீருக்கும் சுமார் 57 கிலோஜூல். பெயர்கள் நான்கு, உப்புகள் வேறு வேறு, வெப்பம் மட்டும் மாறவில்லை என்றால் நடக்கும் வினையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இந்தச் சோதனையை நான் எந்த வருடமும் விட்டதில்லை. வெப்பநிலைமானியைப் பிடித்திருக்கும் நான்கு குழுக்களும் எண்ணைச் சொல்லிச் சொல்லி, ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கும் அந்த நேரத்துக்காகவே செய்யலாம்.

வெப்பம் என்றதும் ஒரு எச்சரிக்கை. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. காரணம் எளிது. அந்த அமிலம் நீரைவிட ஏறக்குறைய 1.84 மடங்கு கனமானது. மேலே ஊற்றிய நீர் அடியில் இறங்காமல் மேலாகவே மிதக்கும், தொட்ட இடத்தில் வெளிவரும் வெப்பத்தில் அங்கேயே கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். தெறிப்பது முகத்தை நோக்கித்தான்.

புரோட்டான்தான் எல்லாம் என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று, வழியில் பெரியவர்களே தவறிய இடங்கள் உண்டு. பிரான்சின் லாவோசியே, எரிதலின் புதிரை அவிழ்த்த மனிதர், எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அந்தத் தனிமத்துக்குக் கிரேக்கத்திலிருந்து 'அமிலத்தை ஆக்குவது' என்ற பொருளில் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். 1810இல் ஹம்ப்ரி டேவி, குளோரின் ஒரு தனிமம் என்று காட்டினார். அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பது ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே, ஆக்சிஜன் துளியும் இல்லை. கோட்பாடு விழுந்தது, பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் சொல்கிறோம். அந்தப் பெயர்களில் இந்தப் பிழை ஏறவில்லை என்பது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1884இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். உப்பும் அமிலமும் நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துண்டுகளாகப் பிரிகின்றன என்ற எண்ணத்துக்கு வித்து அதில் இருந்தது. அதற்கு மிகக் குறைந்த தரமே கிடைத்தது. அந்தக் கோட்பாட்டுக்குத்தான் 1903இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வாடி நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அர்ரீனியஸின் விளக்கத்தில் அமிலம் நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தரும், காரம் ஹைட்ராக்சைடு அயனியைத் தரும். அம்மோனியாவைப் பார்த்தால் அது இடறுகிறது. அம்மோனியாவில் ஹைட்ராக்சைடே கிடையாது, ஆனாலும் அது காரம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியையும் அம்மோனியாப் புட்டியையும் திறந்து வாய்களை அருகருகே கொண்டுவாருங்கள். நடுவே வெறுங்காற்றில் வெண்புகை திரளும். தொடக்கூட இல்லை, கரைக்க நீரும் தேவைப்படவில்லை. இரண்டு வாயுக்கள் சந்தித்து அம்மோனியம் குளோரைடு என்ற திண்மத் துகள்களாக இறங்குகின்றன. 1923இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெட், இங்கிலாந்தின் லௌரி இருவரும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். அவ்வளவுதான். இந்த வரையறையில் அமிலம் என்பது ஒரு பொருளின் சாதிப்பெயர் இல்லை, அந்த நேரத்தில் அது செய்யும் வேலையின் பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எதிரே நீர் வாங்குகிறது, அங்கே அது காரம். அம்மோனியாவுக்கு எதிரே அதே நீர் கொடுக்கிறது, இங்கே அது அமிலம். கொடுக்கல் வாங்கல் தெரிந்த நமக்கு இது புரியாமல் போகாது.

பள்ளிப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். வலிமையும் செறிவும். பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஸ்ட்ராங்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம், அதனால்தான் இத்தனை குழப்பம். செறிவு என்பது எவ்வளவு அமிலத்தை நீரில் போட்டோம் என்பது. வலிமை என்பது போட்டதில் எத்தனை பங்கு தானாகவே புரோட்டானை விட்டுக்கொடுக்கிறது என்பது. 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எல்லா மூலக்கூறும் விட்டுக்கொடுத்துவிடும், பிஹெச் 1. அதே 0.1 மோல் அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்றரைகூட விட்டுக்கொடுப்பதில்லை, பிஹெச் சுமார் 2.9. சுதந்திரமாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 75 மடங்கு குறைவு.

இதைச் சொல்லிவிட்டு வகுப்பைக் கேட்பேன்: "25 மி.லி. அசிட்டிக் அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் வேணும்?" போன வருடம் ஒரு பையன் எழுந்து, "75இல் ஒரு பங்கு போதும் மிஸ், அரை மி.லி.கூட ஆகாது" என்றான். அவன் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதனால் திருத்தாமல் அவனையே செய்யச் சொன்னேன். அரை மி.லி. போனது, பத்து போனது. அவன் குனிந்து குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறம் நின்றது 25 மி.லி.யில்தான். நிமிர்ந்து, "மிச்சம் எங்கேருந்து வருது மிஸ்?" என்றான்.

அது சரியான கேள்வி. திரியும் புரோட்டான்களைக் காரம் தின்னத் தின்ன, அதுவரை பிடித்து வைத்திருந்த மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கின்றன. சமநிலை என்று நாம் சொல்வது அசையாமல் நிற்பதில்லை. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து ஊறி வரும். கடைசி மூலக்கூறு கொடுக்கும் வரை காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு அமிலத்துக்கும் ஒரே அளவு. வேறுபாடு தெரிவது முடிவுநிலையில். இங்கே தாவல் அவ்வளவு உயரமில்லை, நடுநிலையாக்கல் முடியும் இடத்தில் பிஹெச் 7ஐத் தாண்டி 8.7க்கு அருகில் நிற்கும். பினாப்தலீன் அதற்குப் பொருந்தும். 3.1க்கும் 4.4க்கும் இடையே நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சைப் போட்டால், வேலை பாதியில் இருக்கும்போதே முடிந்துவிட்டதாகக் காட்டும். எந்த வினைக்கு எந்த நிறங்காட்டி என்று மனப்பாடம் செய்ததற்கெல்லாம் காரணம் இவ்வளவுதான்.

வலிமை குறைந்தது என்றால் சாது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஹைட்ரோபுளூரிக் அமிலம் வலிமை குறைந்த பட்டியலில்தான் இருக்கிறது. பிரியாத மூலக்கூறாக இருப்பதாலேயே தோலை எளிதாக ஊடுருவி உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிரைப் பறிக்கக்கூடியது.

இன்னொரு நாள். செய்முறை முடிந்து எல்லோரும் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி குடுவையோடு வந்தாள். முகத்தில் கலக்கம்.

"மிஸ், கலர் போயிடுச்சு. இருந்துச்சு, நான் பார்த்தேன். எழுதிட்டுத் திரும்பிப் பார்த்தா இல்ல. தப்பாப் பண்ணிட்டேனா?"

சரியாகச் செய்திருந்தாள். அரை நிமிடம் நிறம் நின்றால் போதும். அவளுடைய முடிவுநிலை அத்தனை நேர்த்தியானது. மிஞ்சியது ஒரே ஒரு துளிக் காரம். கணக்கில் அது மூன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியங்கள் போட்ட அத்தனை ஹைட்ராக்சைடு அயனிகள், ஆனாலும் ஒரு துளிதான். திறந்த குடுவைக்குள் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்லக் கரைந்து, கார்பானிக் அமிலமாகி, அந்த ஒரு துளியைத் தீர்த்துவிட்டது. அவள் நிறுத்திய பிறகும் வினை நின்றிருக்கவில்லை, மீதியைக் காற்று செய்துகொண்டிருந்தது.

"அப்போ மூடி வெச்சா போகாதா மிஸ்?"

இரண்டு குடுவைகளில் மறுபடி அதே மெல்லிய நிறத்தைக் கொண்டுவந்தாள். ஒன்றை ரப்பர் அடைப்பானால் மூடினாள், மற்றதைத் திறந்தே வைத்தாள். மணி அடித்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். இருவரும் வெள்ளைத் தாளின் முன் நின்றோம். இடையிடையே இரண்டு குடுவைகளையும் ஒரே மாதிரி சுழற்றிவிட்டாள். திறந்த குடுவை வெளிறி, கடைசியில் தெளிந்துவிட்டது. மூடிய குடுவையில் நிறம் இருந்தது. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவும் கொஞ்சம் வெளுத்திருக்கு மிஸ்."

நான் பதில் சொல்லவில்லை. கரைசலுக்கும் அடைப்பானுக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் அவள் விரலை வைத்தாள்.

"உள்ள காத்து இருக்குல்ல. நாளைக்குக் கழுத்து வரைக்கும் நிரப்பி மூடிப் பார்க்கலாமா?"